முந்திரிக் கணக்கில் பகா எண்கள்

திருவண்ணாமலையில் கணித ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்



அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 11 நிலைகள் கொண்டது. உயரம் 217 அடி. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தொடங்கிய பணியைத் தஞ்சை நாயக்கர் சேவப்பர் முடித்துவைத்தார் என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டாத செய்தி. அந்த 217 என்ற எண்ணை இன்று சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

217 என்பது 7 பெருக்கல் 31. இரண்டுமே பகா எண்கள். இன்னொரு வழியாகவும் இதைப் பார்க்கலாம். ஆறின் முப்படி 216. அதோடு ஒன்றைக் கூட்டினால் 217. நாம் பத்துப் பத்தாகச் சேர்த்து எண்ணுவதால் நம்முடைய இடமதிப்புகள் 1, 10, 100, 1000 என்று போகின்றன. ஆறு ஆறாகச் சேர்த்து எண்ணுகிறவருக்கு அவை 1, 6, 36, 216. அவர் 217ஐ எழுதினால் 1001 என்று எழுதுவார். இதைத்தான் அடிமானத்தை மாற்றுவது என்கிறோம். எண் அதேதான், எழுதும் முறை வேறு.

1001 என்ற இந்த வடிவம் இன்னொரு புகழ்பெற்ற எண்ணுக்கும் உண்டு. லண்டனை ஒட்டிய பட்னியில் நோயுற்றுப் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்கக் கணிதவியலாளர் ஹார்டி வந்த வாடகைக் காரின் எண் 1729. அது இரண்டு முப்படிகளின் கூட்டலாக இரண்டு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று ராமானுஜன் உடனே சொன்னார். அந்த இரண்டு வழிகளில் ஒன்று, 12இன் முப்படியும் 1இன் முப்படியும். அப்படியானால் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணுகிறவருக்கு 1729உம் 1001தான்.

இனி ஒரு கேள்வி. எந்த அடிமானத்திலாவது 1001 என்று எழுதப்படும் எண், பகா எண்ணாக இருக்க முடியுமா? முடியாது. 1001ஐ அந்தந்த அடிமானத்தின் 11 எப்போதும் மீதியின்றி வகுக்கும். ஆறடிமானத்தில் 11 என்பது நம்முடைய 7. அது 217ஐ வகுக்கிறது. பன்னிரண்டு அடிமானத்தில் 11 என்பது 13. 13ஐ 133ஆல் பெருக்கினால் 1729. பத்தடிமானத்தில் 11ஐ 91ஆல் பெருக்கினால் 1001. ஓர் எண்ணின் முப்படியோடு ஒன்றைக் கூட்டினால், அந்த எண்ணைவிட ஒன்று கூடுதலான எண் அதை வகுத்தே தீரும் என்று ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் படிப்பதுதான் இதற்குக் காரணம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோபுரம் கட்டியவர்கள் இங்கிலீஷ் அடிக்கோலால் அளக்கவில்லை. மீட்டரில் சொன்னால் அதே கோபுரம் சுமார் 66. ஆகவே 217இல் சிற்பிகள் ஒளித்துவைத்த மறைபொருள் எதுவும் கிடையாது. 7ஆல் வகுபடுவது 217 என்ற எண்ணின் குணம். 1001 என்று தோற்றம் தருவது ஆறடிமானம் தரும் வடிவம். 217 என்று அளவு வந்ததே அடிக்கோல் தந்தது. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் இன்றைய பேச்சின் மையம்.

இலக்கங்களை ஆராய்வது கணிதமா?

ஹார்டி இதைப் பற்றிக் கறாரான கருத்து வைத்திருந்தார். 1940இல் வெளியான தம் நூலில் அவர் இரண்டு எண்களை எடுத்துக்காட்டினார்: 8712, 9801. நான்கு இலக்க எண்களில், தலைகீழாகத் திருப்பி எழுதிய எண்ணின் மடங்காக அமைபவை இவை இரண்டு மட்டுமே. 2178ஐ நான்கால் பெருக்கினால் 8712. 1089ஐ ஒன்பதால் பெருக்கினால் 9801. செய்தித்தாளின் புதிர்ப் பகுதிக்கு இது ஏற்றது, கணிதவியலாளரை ஈர்க்க இதில் ஒன்றுமில்லை என்பது அவர் தீர்ப்பு.

நம் நாட்டில் இதற்கு நேர்மாறான வாழ்க்கை ஒன்று வாழப்பட்டது. நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி.ஆர்.கப்ரேகர் (1905–1986) வாழ்நாள் முழுவதும் இலக்கங்களோடு பழகியவர். எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஏதேனும் ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழித்து, விடையிலும் இதையே செய்துகொண்டு போனால், ஏழு முறைக்குள் 6174 வந்து நிற்கும் என்று கண்டவர் அவர். இதை 1949இல் அவர் அறிவித்தது சென்னையில் நடந்த கணித மாநாட்டில்.

ஹார்டியின் மறுப்பில் நியாயம் இருக்கிறது. 6174 பத்தடிமானத்துக்குள் மட்டுமே வாழ்கிற எண். மனிதனுக்குப் பத்து விரல் இருப்பதால் அமைந்த ஒரு முறையில் நடக்கும் ஒன்றை, எண்களின் இயல்பு என்று எப்படிச் சொல்ல முடியும்? இதற்குப் பதில், இலக்கங்களை விட்டு விலகிப் போவதில் இல்லை. அடிமானத்தையே மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான் இருக்கிறது. எல்லா அடிமானங்களையும் ஒரே சமயத்தில் நினைத்துக்கொண்டு கேள்வி கேட்டால், புதிர்ப் பகுதிக் கேள்வி எண் கோட்பாட்டின் ஆழமான கேள்வியாக மாறுகிறது. அதற்கு ஒரு பகா எண்ணே சாட்சி.

இரண்டு எண்கள், ஒரு நூற்றாண்டு

217இன் காரணியாக வந்த 31ஐ எடுத்துக்கொள்ளலாம். இருமடிமானத்தில் அது 16, 8, 4, 2, 1 ஆகியவற்றின் கூட்டல், எழுதினால் 11111. ஐந்தடிமானத்தில் 25, 5, 1 ஆகியவற்றின் கூட்டல், எழுதினால் 111. ஒரே எண் இரண்டு வெவ்வேறு அடிமானங்களில் வெறும் ஒன்றுகளாக நிற்கிறது.

ஒன்றுகளுக்கு மட்டும் ஏன் இந்தச் சிறப்பு? ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரும் எண் பகா எண்ணாக வேண்டுமானால் அந்த இலக்கம் 1ஆகத்தான் இருந்தாக வேண்டும். 222 எந்த அடிமானத்திலும் 2ஆல் வகுபடும். 555 ஐந்தால் வகுபடும். ஒன்றுகளின் எண்ணிக்கையும் பகா எண்ணாக இருக்க வேண்டும். நான்கு ஒன்றுகள் என்றால் 11 பெருக்கல் 101. ஆறு ஒன்றுகள் என்றால் 111 பெருக்கல் 1001. எந்த அடிமானத்திலும் இந்தப் பெருக்கல் பொருந்தும்.

இந்த இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறினாலும் பகா எண் கிடைத்துவிடும் என்று உறுதி இல்லை. பத்தடிமானத்தில் 111 என்பது 3 பெருக்கல் 37. இரண்டு ஒன்றுகளுக்குப் பிறகு 19 ஒன்றுகள், 23 ஒன்றுகள், 317 ஒன்றுகள், 1031 ஒன்றுகள் என்று நீண்ட இடைவெளி விட்டே பகா எண்கள் வருகின்றன. 1031 ஒன்றுகள் கொண்ட எண் பகா எண்தான் என்று ஹியூ வில்லியம்ஸும் ஹார்வி டப்னரும் நிறுவியது 1986இல்.

சில அடிமானங்கள் கதவையே அடைத்துவிடுகின்றன. ஒன்பதடிமானத்தில் ஒன்றுகளால் மட்டும் எழுதிய எண் ஒருபோதும் பகா எண் ஆகாது. 11 என்றால் 10. 111 என்றால் 91, அதாவது 7 பெருக்கல் 13. 1111 என்றால் 820. ஒன்பது மூன்றின் வர்க்கமாக இருப்பதால் ஒவ்வொரு எண்ணும் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. நான்கும் வர்க்க எண்தான். அங்கே 11, அதாவது 5, ஒன்று மட்டும் தப்பித்துக்கொள்கிறது. அதற்கு மேல் எதுவும் கிடையாது.

இருமடிமானம் இதற்கு நேர் எதிர். இன்று நாம் அறிந்த மிகப் பெரிய பகா எண் ஒன்றுகளால் மட்டும் ஆனது. 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டறிந்த அந்த எண்ணை இருமடிமானத்தில் எழுதினால் 13,62,79,841 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். பத்தடிமானத்தில் எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள்.

மீண்டும் 31க்கு வரலாம். இரண்டு அடிமானங்களில், குறைந்தது மூன்று ஒன்றுகளோடு, ஒன்றுகளால் மட்டும் எழுதக்கூடிய எண்கள் வேறு உண்டா? மூன்று என்று ஏன் வரம்பு வைக்க வேண்டும் என்றால், எந்த எண்ணையும் அதைவிட ஒன்று குறைவான அடிமானத்தில் எழுதினால் 11 வந்துவிடும். முப்பது அடிமானத்தில் 31 என்பது 11தான். அது பெரிய செய்தி ஆகாது. மூன்று ஒன்றுகள் கேட்டால் இதுவரை கிடைத்த எண்கள் இரண்டே இரண்டு. ஒன்று 31. மற்றொன்று 8191. இருமடிமானத்தில் அது 13 ஒன்றுகள். தொண்ணூறு அடிமானத்தில் 8100, 90, 1 ஆகியவற்றின் கூட்டல், ஆகவே 111. அதுவும் பகா எண்.

1917இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ரெனே கோர்மாக்டிக் இந்த இரண்டைத் தவிர மூன்றாவது கிடையாது என்று ஊகித்தார். நூறாண்டுகள் கடந்துவிட்டன. மூன்றாவது எண் கிடைக்கவில்லை. கிடையாது என்று நிறுவவும் முடியவில்லை. 1961இல் டேவன்போர்ட், லூயிஸ், ஷின்ட்செல் மூவரும் ஒரு பகுதியை வென்றார்கள்: இரு அடிமானங்களிலும் எத்தனை ஒன்றுகள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், கிடைக்கும் விடைகள் முடிவுள்ளவை.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர்கள் இந்தியர்கள். பின்னாளில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய ஆர்.பாலசுப்பிரமணியனும், மும்பை டாடா ஆதார ஆராய்ச்சி நிறுவனத்தின் டி.என்.ஷோரேயும் 1980இல் நிறுவியது இது: இரு அடிமானங்களின் பகாக் காரணிகளும் நாம் முன்பே வகுத்துக்கொண்ட ஒரு பட்டியலுக்குள் அடங்கினால், ஒன்றுகள் எத்தனை என்ற வரம்பே இல்லாவிட்டாலும் விடைகள் முடிவுள்ளவையே, அவற்றைக் கணக்கிட்டு எட்டவும் முடியும். 1998இல் ஷோரே ரஷ்யக் கணிதவியலாளர் நெஸ்டெரென்கோவுடன் சேர்ந்து இந்தக் கேள்விக்கான சமன்பாட்டை மேலும் ஆராய்ந்தார்.

தமிழ்நாட்டில் இந்த வகைச் சமன்பாட்டுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. குற்றாலம் அருகே வல்லத்தில் 1901இல் பிறந்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எஸ்.எஸ்.பிள்ளை. இரண்டு அடுக்கு எண்களுக்கு இடையிலான வேறுபாடு ஒரே எண்ணாக எத்தனை முறை வரக்கூடும் என்று அவர் எழுப்பிய கேள்வி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1950இல் அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோ விமான விபத்தில் அவர் மறைந்தது இந்திய எண் கோட்பாட்டுக்கு நேர்ந்த பேரிழப்பு.

பாலசுப்பிரமணியன்–ஷோரே தேற்றத்தின் பட்டியலில் 2, 3, 5 ஆகிய மூன்று பகா எண்களை மட்டும் போட்டுப் பாருங்கள். அறியப்பட்ட இரு விடைகளின் அடிமானங்களும் அதற்குள் அடங்கிவிடுகின்றன: 2, 5, 90. தமிழர் புழங்கிய அடிமானங்களும் அதே பட்டியலுக்குள்தான் இருக்கின்றன. பத்து உண்டு. பஞ்சாங்கத்தின் அறுபது உண்டு. மூன்றாவதாக, உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத ஒன்றும் உண்டு: முந்நூற்று இருபது.

ஒன்றுக்கு 320 முந்திரி

முழு எண்களைத் தமிழர் பத்துப் பத்தாகவே எண்ணினார்கள். ஒன்றுக்குக் கீழே இறங்கியதும் கணக்கு வேறு பாதையில் போயிற்று. இரண்டு முந்திரி அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். நான்கு கால் ஒன்று. இரண்டு, இரண்டு, நான்கு, ஐந்து, நான்கு இவற்றைப் பெருக்கினால் 320. ஒன்றில் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு முந்திரி. இடையிலே வீசம், அரைக்கால் எல்லாம் உண்டு. கிட்டத்தட்ட முழுவதும் என்பதற்கு முக்காலே மூணு வீசம் என்று இன்றும் பேச்சில் சொல்கிறோமே, அது பதினாறில் பதினைந்து பங்கு.

முந்திரியோடு கணக்கு நிற்கவில்லை. ஒரு முந்திரியை மறுபடியும் 320 கூறாக்கினால் ஒரு கூறு கீழ்முந்திரி; ஒன்றில் அது 1,02,400இல் ஒரு பங்கு. ஒவ்வோர் இடமாக 320ஆல் வகுத்துக்கொண்டே இறங்கும் முறை இது. அதாவது பின்னங்களுக்கான முந்நூற்று இருபதடிமானம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் (985–1014) வெட்டுவித்த கல்வெட்டுகளில் நிலங்கள் வேலி, மா, காணி, முந்திரிகை, அதற்குக் கீழும் கீழுமான கூறுகள் என்று குறிக்கப்பட்டுள்ளன. ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கு இறங்கியதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அந்தப் பெரிய எண்ணைப் பிரித்தால், 320ஐ நான்கு முறை பெருக்கி மேலும் ஐந்தால் பெருக்கிய எண்ணாக வருகிறது.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியாக இந்தப் பின்னங்களை வாய்ப்பாடாகவே பிள்ளைகள் கற்றார்கள். அந்தக் கல்வியை, அதன் சமூகப் பின்னணியோடு சேர்த்து, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த செந்தில் பாபு தம் 2022ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இப்போது பகா எண்களை இந்தக் கணக்குக்குள் கொண்டுவரலாம். ஒன்றைப் 11 பேருக்குச் சமமாகப் பங்கிட வேண்டும். 320 முந்திரியைப் 11ஆல் வகுத்தால் ஆளுக்கு 29 முந்திரி. மீதி ஒரு முந்திரி. அந்த ஒன்றை 320 கீழ்முந்திரியாக்கிப் பங்கிட்டால் ஆளுக்கு மறுபடியும் 29. மீதி மறுபடியும் ஒன்று. எவ்வளவு ஆழம் போனாலும் ஒவ்வோர் இடத்திலும் 29. இப்போது 29 பேருக்குப் பங்கிடலாம். ஆளுக்கு 11 முந்திரி, மீதி ஒன்று. 11 கீழ்முந்திரி, மீதி ஒன்று. 11உம் 29உம் ஒன்றுக்கொன்று முகம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன, ஏனென்றால் இரண்டையும் பெருக்கினால் 319.

அதே 29, பத்தடிமானத்தில் என்ன பாடுபடுத்துகிறது தெரியுமா? 29இல் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால், புள்ளிக்குப் பிறகு 0344827586206896551724137931 என்று 28 இலக்கங்கள் போன பிறகுதான் மறுசுழற்சி தொடங்கும். முந்திரிக் கணக்கில் ஓர் இடம். தசமத்தில் 28 இடங்கள். பகா எண் ஒன்றுதான்.

பஞ்சாங்கக் கணக்கிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை, ஒரு விநாழிகைக்கு 60 தற்பரை. ஒரு நாழிகையை 59 பங்காக்கினால் பங்குக்கு ஒரு விநாழிகை, ஒரு தற்பரை என்று ஒன்றாகவே இறங்கும். 61 பங்காக்கினால் விநாழிகை இடத்தில் சுழியம், தற்பரை இடத்தில் 59, மறுபடியும் சுழியம், மறுபடியும் 59. தசமத்தில் 59க்கு 58 இலக்கச் சுழல்; 61க்கு 60 இலக்கச் சுழல்.

முழுச் சுழல்

எண்ணின் குணம் எது, அடிமானத்தின் குணம் எது என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. நீள் வகுத்தலில் நடப்பது இதுதான்: ஒவ்வொரு முறையும் வரும் மீதியை அடிமானத்தால் பெருக்கி மறுபடி வகுக்கிறோம். 7ஆல் வகுத்தால் மீதி 1 முதல் 6 வரை மட்டுமே வர முடியும். முன்பு வந்த மீதி மறுபடி வந்த கணமே சுழல் மூடிக்கொள்ளும். ஆகவே சுழலின் நீளம் 6ஐத் தாண்டாது. அது 6இன் காரணியாகவே இருக்கும். பொதுவாக, ஒரு பகா எண்ணின் சுழல் நீளம், அதனால் வகுபடாத எந்த அடிமானத்திலும், அந்த எண்ணைவிட ஒன்று குறைவான எண்ணின் காரணிதான். இந்த வரம்பைப் பகா எண் விதிக்கிறது. அந்தக் காரணிகளில் எது என்பதை அடிமானம் தேர்ந்தெடுக்கிறது.

தசமத்தில் 7இல் ஒரு பங்கு 142857 என்று சுழல்கிறது. முழு நீளம், ஆறு இடம். இதை 3ஆல் பெருக்கினால் 428571. 2ஆல் பெருக்கினால் 285714. கிரிவலப் பாதையில் இந்திர லிங்கத்தில் தொடங்கினாலும் நிருதி லிங்கத்தில் தொடங்கினாலும் எட்டு லிங்கங்களும் அதே வரிசையில்தான் வரும். தொடங்கும் இடம் மட்டும் மாறும். 142857இன் மடங்குகளும் அப்படியே.

அறுபதடிமானத்தில் 7இல் ஒரு பங்கு 8, 34, 17 என்று மூன்றே இடத்தில் சுழன்றுவிடுகிறது. முந்திரியில் 45, 228, 182, 274, 91, 137 என்று மறுபடியும் முழு ஆறு இடம். இந்த ஆறில் ஓர் அழகு இருக்கிறது. முதலாவதையும் நான்காவதையும் கூட்டினால் 319. இரண்டாவதும் ஐந்தாவதும் சேர்ந்தால் 319. மூன்றாவதும் ஆறாவதும் சேர்ந்தாலும் 319. தசமத்தில் 142உம் 857உம் சேர்ந்து 999 ஆவதற்கு ஈடானது இது. 1836இல் பிரெஞ்சுக்காரர் மிடி கண்ட இந்த ஒழுங்கு, சுழல் நீளம் இரட்டை எண்ணாக உள்ள எந்தப் பகா எண்ணுக்கும் எந்த அடிமானத்திலும் செல்லும். 6174ஐப் போலப் பத்தோடு கட்டுண்டது அல்ல.

எல்லா மீதிகளையும் ஒன்றுவிடாமல் தொட்டுவரும் சுழலை முழுச் சுழல் எனலாம். 50க்கு உட்பட்ட பகா எண்களில் 2, 5 தவிர 13 உள்ளன. தசமத்தில் முழுச் சுழல் தருபவை 7, 17, 19, 23, 29, 47 ஆகிய ஆறு. முந்திரிக் கணக்கில் 3, 7, 17, 23, 37, 43, 47 ஆகிய ஏழு. 31 மட்டும் இரண்டு கணக்கிலும் 15 இடச் சுழல் தருகிறது. 320ஐயும் 10ஐயும் 31ஆல் வகுத்தால் வரும் மீதி ஒரே எண்தான்.

முந்திரிப் பட்டியலை உற்றுப் பாருங்கள். 11, 19, 29, 31, 41 ஆகிய ஐந்தும் அதில் இல்லை. அதாவது, பத்தடிமானத்தில் 1இலோ 9இலோ முடியும் பகா எண் எதற்கும் அங்கே இடமில்லை. இது தற்செயல் அன்று. 320 என்பது 8இன் வர்க்கத்தை 5ஆல் பெருக்கியது. 1இலோ 9இலோ முடியும் பகா எண்ணால் வகுக்கும்போது, 5 ஏதோ ஒரு வர்க்க எண் விடும் அதே மீதியை விடும் என்பது காஸ் 1801இல் வெளியிட்ட தேற்றத்திலிருந்து வருகிறது. அப்படியானால் 320உம் ஒரு வர்க்க எண்ணைப் போலவே நடந்துகொள்ளும். 19ஆல் 320ஐ வகுத்தால் மீதி 16. அது 4இன் வர்க்கம். 59ஆல் வகுத்தால் மீதி 25. அது 5இன் வர்க்கம். வர்க்கத்தால் பெருக்குவது இரண்டிரண்டு அடியாகத் தாவுவது என்பதால் சுழலின் பாதி இடங்களுக்கு மேல் தொட முடியாது. ஆகவே முந்திரிக் கணக்கில் முழுச் சுழல் தரும் ஒற்றைப்படைப் பகா எண்கள் எல்லாம் 3இலோ 7இலோதான் முடியும்.

அப்படிப்பட்டவை எத்தனை? 1927இல் எமில் ஆர்ட்டின் ஓர் ஊகம் வெளியிட்டார். அடிமானம் வர்க்க எண்ணாக இல்லாவிட்டால், முழுச் சுழல் தரும் பகா எண்கள் முடிவின்றி வந்துகொண்டே இருக்கும் என்பது அதன் சாரம். பத்தடிமானத்தில் நூறு பகா எண்களுக்குச் சுமார் 37 வீதம் அவை இருக்க வேண்டும். முந்நூற்று இருபதடிமானத்துக்குக் கணக்கிட்டால் விகிதம் சற்றுக் கூடுகிறது: நூற்றுக்குச் சுமார் 39. 320க்குள் ஒற்றையாக நிற்கும் அந்த 5தான் கூடுதலுக்குக் காரணம்.

1967இல் கிறிஸ்டோபர் ஹூலி, ரீமான் ஊகத்தின் விரிவான வடிவம் உண்மை என்று வைத்துக்கொண்டால் ஆர்ட்டின் சொன்னது சரி என்று காட்டினார். 1984இல் ராஜீவ் குப்தாவும், குண்டூரில் பிறந்து கனடாவில் பணியாற்றும் எம்.ராம் மூர்த்தியும், எந்த ஊகத்தையும் சாராமல், எண்ணற்ற அடிமானங்களுக்கு இது உண்மை என்று நிறுவினார்கள். 1986இல் ஹீத்-பிரவுன் அதைக் கூர்மையாக்கினார். அவர் தேற்றத்தின்படி 2, 3, 5 ஆகிய அடிமானங்களில் ஒன்றுக்காவது ஆர்ட்டின் ஊகம் உண்மை. எது என்று சொல்ல அந்தத் தேற்றத்தால் முடியாது. இன்றுவரை எந்த ஒரு குறிப்பிட்ட அடிமானத்தையும் சுட்டிக்காட்டி, இதற்கு நிறுவியாயிற்று என்று எவராலும் சொல்ல முடியவில்லை. பத்துக்கும் முடியவில்லை, முந்நூற்று இருபதுக்கும் முடியவில்லை.

இங்கே வந்திருக்கும் மாணவர்கள் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு 53ஐப் பார்க்கலாம். 320ஐ 53ஆல் வகுத்தால் ஈவு 6, மீதி 2. ஆகவே முந்திரிக் கணக்கில் 53இன் மீதிகள் ஒவ்வோர் அடியிலும் இரட்டிப்பாகும்: 1, 2, 4, 8, 16, 32, அடுத்தது 64, அதில் 53 போக 11, பிறகு 22, 44, 35, 17 என்று போகும். பங்குகளாக 6, 12, 24, 48, 96, 193 வரும். 26ஆம் இரட்டிப்பில் மீதி 52 வந்து நிற்கும். அதன் பிறகு பங்குகள் முதல் பாதியின் துணைகளாக, 319இலிருந்து கழித்த எண்களாக, 313, 307, 295 என்று இறங்கும். 52ஆம் இரட்டிப்பில் 1 திரும்பி வரும்போது 1 முதல் 52 வரை எல்லா மீதிகளும் ஒருமுறை வந்து போயிருக்கும்.

அடுத்து 67, 73, 83, 97, 103 என்று 3இலும் 7இலும் முடியும் பகா எண்களை ஒவ்வொன்றாக இதே போல் வகுத்துப் பார்க்கலாம். சிலவற்றுக்கு முழுச் சுழல் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது. 1,000 வரை உள்ள பகா எண்கள் 168. வகுப்பில் ஆளுக்குச் சில எண்களாகப் பிரித்துக்கொண்டு அட்டவணை போட்டால், நூற்றுக்கு 39 என்ற கணிப்பு அந்த எல்லைக்குள் எவ்வளவு நெருங்கி வருகிறது என்பதை இந்த ஊர்ப் பள்ளி ஒன்றின் கரும்பலகையிலேயே பார்த்துவிட முடியும்.